பெரிய இருவாட்சி

பெரிய இருவாட்சி (அறிவியற் பெயர்: பூசெரோசு பைக்கார்னிசு) தெற்காசிய, தென்கிழக்காசியக் காடுகளில் வாழும் ஒரு பறவையினம் ஆகும். இந்தியாவில் மேற்குத் தொடர்ச்சி மலை, இமயமலை அடிவாரம், வடகிழக்கு மாநிலங்கள் ஆகிய இடங்களில் இது காணப்படுகிறது. கேரளம், அருணாசலப் பிரதேசம் ஆகிய இரு மாநிலங்களின் மாநிலப் பறவை இதுவே. மலையாளத்தில் இதனை மலமுழக்கி வேழாம்பல் என்பர்.

தோற்றம்

ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமும் 2 முதல் 4 கிலோகிராம் எடையும் கொண்டது. வளைந்த பெரிய அலகின் மேல் கொண்டை போன்ற மற்றோர் அமைப்பு உள்ளதால் இரண்டு வாய்கள் இருப்பதுபோல் தோன்றும். பார்வைக்குப் பாரமாகத் தெரிந்தாலும் இக்கொண்டை பெரும்பாலும் உள்ளீடற்றது. ஆணின் விழி சிவப்பு, பெண்ணின் விழி வெண்மை. பறக்கும்போது இறக்கைகள் எழுப்பும் ஒலி நீராவி எஞ்சினின் இரைச்சலை ஒத்தது; பறவை கண்ணுக்குத் தெரியும் முன்பே அது காதில் விழும்.

கூடும் இனப்பெருக்கமும்

இப்பறவையின் வாழ்வில் மிகவும் வியப்புக்குரிய பகுதி இதுவே. இருவாட்சியால் மரத்தைக் குடைய இயலாது. முதிர்ந்த பெருமரங்களில் இயற்கையாக உண்டான பொந்தையே அது தேடிக்கொள்ள வேண்டும். பெண் பறவை உள்ளே புகுந்து, பெரும்பாலும் தன் எச்சத்தைக் கொண்டே வாயிலை அடைத்துவிடும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு பிளவு மட்டும் எஞ்சும். பின்னர் ஒன்று அல்லது இரண்டு முட்டைகள் இட்டு 38 முதல் 40 நாட்கள் அடைகாக்கும்.

அடைபட்டிருக்கும் காலத்தில் பெண்ணின் சிறகுகள் உதிர்ந்து புதிதாக முளைக்கின்றன. எனவே அதற்கும் பின்னர் குஞ்சுக்கும் உணவளிப்பது ஆணின் பொறுப்பு. அது பழங்களைத் தொண்டையில் நிரப்பி வந்து, ஒவ்வொன்றாக வெளிக்கொணர்ந்து பிளவு வழியே ஊட்டும். அரசப் பென்குயின்களில் ஆணும் பெண்ணும் முறைவைத்து அடைகாத்து, முறைவைத்துக் கடலுக்குச் செல்கின்றன. இங்கு அத்தகைய முறைமாற்றம் இல்லை. இக்காலத்தில் ஆண் வேட்டையாடப்பட்டால் அவ்வாண்டின் இனப்பெருக்கமே வீணாகக்கூடும்.

குஞ்சு ஓரளவு வளர்ந்ததும் தாய் அடைப்பை உடைத்து வெளியேறும். குஞ்சு உள்ளிருந்தவாறே வாயிலை மீண்டும் அடைத்துக்கொள்ளும்! அதன் பிறகு இரு பெற்றோரும் இரை கொணர்வர். முட்டையிடுவது முதல் குஞ்சு பறப்பது வரை ஏறத்தாழ நான்கு மாதங்கள் ஆகும்.

உணவு

அத்தி, ஆல் வகைப் பழங்களே முதன்மை உணவு. ஓணான், சிறு பறவை, பூச்சி ஆகியவற்றையும் உண்ணும். விழுங்கிய விதைகளைத் தொலைவில் உமிழ்வதாலும் எச்சமிடுவதாலும் காட்டு மரங்கள் பரவுகின்றன.

குமரி மாவட்டத்தில்

அகத்தியமலைத் தொடரின் தென்பகுதிக் காடுகள் இதன் வாழிடங்களில் அடங்கும். எனினும் திற்பரப்பு அருவியைக் காண வருவோர் அங்கேயே இருவாட்சியையும் காணலாம் என எதிர்பார்க்க இயலாது. அருவியைச் சுற்றியுள்ளவை தென்னையும் ரப்பரும். பெருமரக்காடுகள் கோதையாற்றின் மேற்பகுதியில், பேச்சிப்பாறை அணைக்கும் அப்பால் உள்ளன. ரப்பர் மரங்கள் பொதுவாக 25 முதல் 30 ஆண்டுகளில் வெட்டப்பட்டு மறுநடவு செய்யப்படுகின்றன. இருவாட்சி புகத்தக்க பொந்து உண்டாக அக்காலம் போதாது. உண்பதற்கு அத்திப்பழமும் அம்மரங்களில் இல்லை. ஆகவே தொலைவிலிருந்து பார்க்கையில் பசுமையாகத் தெரியும் மலைச்சரிவு அனைத்தும் இப்பறவைக்குக் காடாகிவிடுவதில்லை.

காப்புநிலை

இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் (1972) முதலாம் அட்டவணையில் இது உள்ளது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2018 இல் இதனை அழிவாய்ப்புள்ள இனமாக அறிவித்தது. அருணாசலப் பிரதேசத்தின் நிசி மக்கள் தலையணியில் இருவாட்சி அலகைச் சூடுவது மரபு. அதற்கு மாற்றாகக் கண்ணாடியிழையாலான அலகுகள் வழங்கப்பட்டுள்ளன. கேரளத்தின் வாழச்சால் காடுகளில், முன்பு உணவுக்காகக் குஞ்சுகளை எடுத்துவந்த காடர் பழங்குடியினர் பின்னர் கூடுகளின் காவலர்களாயினர். எந்த மரத்தில் எந்தப் பொந்து உள்ளது என்பதை அவர்கள் ஏற்கெனவே அறிந்திருந்தனர்.