ஹைதராபாத்தில் அட்டையும் பணமும்: துணைநிற்கும் தெலுங்குச் சொற்கள்

பணி மாற்றம், மருத்துவம், பிள்ளைகளின் கல்வி எனப் பல காரணங்களால் நம் வாடிக்கையாளர்கள் ஹைதராபாத் செல்கின்றனர். அங்குள்ள ஏ.டி.எம். திரையில் ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். கடைக்காரரிடமும் காவலாளியிடமும் அவ்வாறு இயலாது. பணம் குறித்த பேச்சில் ஒரு சொல் பிசகினாலும் இழப்பு நமக்கே. ஆகவே சில தெலுங்குத் தொடர்களை இங்கே தருகிறோம்.

எண்களில் கவனம்

தெலுங்கில் ‘வந்த’ என்றால் நூறு. ‘வெய்யி’ என்றால் ஆயிரம். பல ஆயிரங்கள் ‘வேலு’. ‘ஐது வந்தலு’ ஐந்நூறு; ‘ரெண்டு வேலு’ இரண்டாயிரம். ஆயிரத்து ஐந்நூறைப் ‘பதிஹேனு வந்தலு’, அதாவது பதினைந்து நூறுகள், என்றும் சொல்வர். செவியை மட்டும் நம்பாமல், அட்டைக் கருவியின் திரையில் தெரியும் தொகையைப் பார்த்த பின்னரே பின் எண்ணை அழுத்த வேண்டும். தொடாமலே செலுத்தும் வசதியுள்ள அட்டையில் 5,000 ரூபாய் வரை பின் எண் இன்றியே பணம் கழியக்கூடும் என்பதால், அங்கே இக்கவனம் இன்னும் தேவை.

கடையில்

‘எந்த அயிந்தண்டி?’ – எவ்வளவு ஆயிற்று? (இங்கே ‘எந்த’ என்பது ‘எவ்வளவு’ எனப் பொருள்படும்; தகரத்தை ‘பத்து’ என்பதில் போல வன்மையாக ஒலிக்க வேண்டும்.)
‘கார்டு தீசுக்குண்டாரா?’ – அட்டை ஏற்பீர்களா?
‘மிஷின் இக்கடிக்கி தீசுக்குரண்டி’ – கருவியை இங்கே கொண்டுவாருங்கள்.
‘ரசீது இவ்வண்டி’ – ரசீது கொடுங்கள்.

உணவகத்தில் மூன்றாவது தொடர் மிகவும் பயன்படும். அட்டை நம் பார்வையை விட்டு அகலாதிருப்பதே பாதுகாப்பு. மொத்தம், ரசீது ஆகியவை இரு மொழிக்கும் பொது. நம் சில்லறை அங்கே ‘சில்லர’.

ஏ.டி.எம். வாயிலில்

‘ஏ.டி.எம். எக்கட உந்தி?’ – ஏ.டி.எம். எங்கே உள்ளது?
‘டப்புலு ராலேது, அக்கவுண்ட்லோ கட் அயிந்தி’ – பணம் வரவில்லை, கணக்கில் கழிந்துவிட்டது.
‘கார்டு மிஷின்லோ இருக்குந்தி’ – அட்டை இயந்திரத்தில் சிக்கிக்கொண்டது. (நம் ‘இருக்கிறது’ அன்று.)
‘சகாயம் வத்தண்டி’ – உதவி வேண்டாம்.

இறுதித் தொடரே இவற்றுள் முதன்மையானது. உதவுவதாக அருகில் வருபவர் அட்டையை மாற்றித் தந்துவிட்டுச் செல்வது பழைய மோசடி. மொழி தெரியாதவரே அதற்கு எளிதில் இலக்காகின்றனர்.

பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்தால் அஞ்ச வேண்டியதில்லை. 2019 செப்டம்பரில் இந்திய ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிப்படி, பரிவர்த்தனை நாளுக்குப் பின் 5 நாட்களுக்குள் அத்தொகை கணக்கில் திரும்ப வரவு வைக்கப்பட வேண்டும். தவறினால் தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. இயந்திரம் எந்த வங்கியினுடையதாயினும், அட்டை வழங்கிய வங்கியிடமே முறையிட வேண்டும். ஏ.டி.எம். எண், நேரம், தொகை ஆகியவற்றைக் குறித்துக்கொள்வது நலம்.

மற்றொன்று: சென்னையைப் போலவே ஹைதராபாத்தும் பெருநகரப் பட்டியலில் உள்ளது. எனவே சேமிப்புக் கணக்கினர் பிற வங்கி ஏ.டி.எம்.களை மாதம் 3 முறையே கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். இருப்பு பார்ப்பதும் அக்கணக்கில் சேரும்.

அட்டை தொலைந்தால்

‘நா கார்டு போயிந்தி’ – என் அட்டை தொலைந்துவிட்டது. இதை அருகிலிருப்பவரிடம் சொல்லும் முன்பே வங்கிக்குத் தெரிவித்து அட்டையை முடக்க வேண்டும். 2017-இல் வகுக்கப்பட்ட விதிமுறையின்படி, பின் எண்ணைப் பகிர்ந்தது போன்ற நம் கவனக்குறைவால் நேரும் இழப்பு, வங்கிக்குத் தெரிவிக்கும் வரை நம்மையே சாரும். தெரிவித்த பின் நேரும் இழப்பு வங்கியைச் சாரும். மோசடி எனில் 1930 என்ற எண்ணிலும் உடனே புகார் அளிக்கலாம்.

பயணத்துக்கு முன் வங்கியின் உதவி எண்ணைக் கைப்பேசியில் மட்டுமன்றி ஒரு தாளிலும் எழுதி வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். பையோடு கைப்பேசியும் தொலையும் நாளில் அத்தாளே துணை.