பிரித்தானியப் பழம்பதிப்புகளைத் தொகுத்தல்

பழம்பதிப்பு ஒன்றை அரிய நூலெனப் போற்றுதற்கு அதன் பழமை மட்டும் காரணமாகாது; வேறெங்கும் கிட்டாத சான்றினை அது தாங்கி நிற்றலே தலையாய காரணமாம். பிரித்தானிய நாட்டு வரலாறு, கட்டடக்கலை, பொறியியல் பற்றிய பழநூல்களைத் தொகுப்போர் இதனையே அளவுகோலாகக் கொள்ளல் வேண்டும். இரண்டு நூல்களைக் கொண்டு இதனை ஈண்டு விளக்குவாம்.

முதலாவது, வில்லியம் டக்டேல் 1658-இல் வெளியிட்ட இலண்டன் தூய பவுல் பேராலய வரலாறு. நாட்டில் உள்நாட்டுப் போர் மூளும் என்று அஞ்சிய டக்டேல், 1641-இலேயே அப்பேராலயத்துக் கல்லறைகளின் எழுத்துகளைப் படியெடுத்தார். பின்னர் ஹாலர் என்னும் ஓவியரைக் கொண்டு செப்புத்தகட்டுப் படங்கள் அமைத்து நூலிற் சேர்த்தார். போர்க்காலத்தில் பேராலயம் குதிரைப் படையின் தங்கிடமாயிற்று. நூல் வெளிவந்த எட்டாம் ஆண்டில், 1666-இல், இலண்டன் பெருந்தீயில் அஃது எரிந்தழிந்தது. காப்பான இடமெனக் கருதி நூல் வணிகர் அதன் நிலவறையில் வைத்திருந்த நூற்கட்டுகளும் சாம்பலாயின. அழிந்த கட்டடத்தின் உட்புறத்தையும் கல்லறைகளையும் அறிவதற்கு இன்று இந்நூலே முதன்மைச் சான்றாகும்.

இரண்டாவது, எடிஸ்டோன் கலங்கரை விளக்கத்தைத் தாம் கட்டிய வரலாற்றை ஜான் ஸ்மீட்டன் எழுதி 1791-இல் வெளியிட்ட நூல். 1756 முதல் 1759 வரை கடற்பாறைமீது எழுப்பப்பெற்ற அக்கோபுரத்தில், கற்கள் ஒன்றையொன்று கவ்வுமாறு செதுக்கி இணைக்கப்பெற்றன. களிமண் கலந்த சுண்ணாம்புக் கல்லே நீரினுள்ளும் இறுகும் சுண்ணாம்பினைத் தரும் என்பதை ஆசிரியர் ஆய்ந்து கண்ட முறையும் நூலில் உள்ளது. பாறை அரிக்கப்பட்டமையால் 1882-இல் புதிய கோபுரம் எழுந்தது. பழைய கோபுரத்தின் மேற்பகுதி பிளிமத் நகரில் மீண்டும் நிறுவப்பெற்றது. கட்டடத்தைக் காண்போர்க்குப் புலப்படாத உட்பிணைப்பினை நூலின் படங்கள் காட்டுகின்றன.

ஆகவே, இத்தகைய நூல்களில் படத்தாள்களே உயிர்நிலை எனலாம். அவற்றைக் கிழித்துத் தனித்தனியே விற்கும் வழக்கம் உண்மையின், படங்களை எண்ணி, நிறைவுடைய பிரதியோடு ஒப்புநோக்கிய பின்னரே ஒன்றை ஏற்றல் வேண்டும். பதிப்பு வேறுபாடும் நோக்கற்பாலது. டக்டேலின் நூலுக்கு 1818-இல் எல்லிஸ் வெளியிட்ட பதிப்பு புதுச் செய்திகள் பல உடையது. எனினும், தீக்கு முந்திய சான்று என்னும் தகுதி 1658-ஆம் ஆண்டுப் பதிப்பிற்கே உரியது. சுவடிகளை ஒப்புநோக்கிப் பழகியோர்க்கு இம்முறை புதிதன்று.

தொகுத்தலினும் சிதறாமற் காத்தல் அரிது. கட்டடக் கலைஞர் ஜான் சோன் தம் இல்லத்தையும் நூல்களையும் 1833-ஆம் ஆண்டின் நாடாளுமன்றச் சட்டத்தால் பொதுமக்களுக்கு உரியவாக்கினார். அந்நூல்கள் இன்றும் இலண்டனில் அவ்வில்லத்திலேயே உள்ளன. சான்று நிலைபெறுதற்கு அதுவே தக்க வழியாகும்.