புளியங்கொட்டைக்கும் மருந்துக்கும் என்ன உறவு?

தை, மாசி பிறந்துவிட்டால் அரூர், பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் எந்த ஊருக்குப் போனாலும் வீட்டுத் திண்ணையில் புளி தட்டும் சத்தம் கேட்கும். சதையைக் கூடையில் போட்டு மண்டிக்கு அனுப்புவார்கள். கொட்டையோ ஓர் ஓரத்தில் குவிந்து கிடக்கும். குழந்தைகள் பல்லாங்குழிக்கு ஒரு பிடி அள்ளிக்கொண்டு போவார்கள். மீதியை, வந்த வியாபாரி சொன்ன விலைக்கு அளந்து விட்டு விடுவோம். அந்தக் குவியலைப் பற்றித்தான் இவ்வாரம் எழுதுகிறோம்.

நூறு கிலோ பழத்தை உடைத்தால் சுமார் 55 கிலோ சதை கிடைக்கும். ஓடும் நாரும் 11 கிலோ. கொட்டை மட்டும் 34 கிலோ, அதாவது எடையில் மூன்றில் ஒரு பங்கு! கொட்டையின் சிவப்புத் தோலை நீக்கினால் உள்ளே வெள்ளைப் பருப்பு. அந்தப் பருப்பில் பாதிக்கு மேல் இருப்பது ஒருவகைப் பசைப்பொருள். குளுக்கோஸ், சைலோஸ், காலக்டோஸ் என்ற மூன்று சர்க்கரைகள் சங்கிலியாய்ப் பின்னிக்கொண்டது அது. விஞ்ஞானிகள் இதனைச் சைலோகுளூக்கன் என்பர்.

கம்பளி நெய்கிறவர்கள் பாவுக்கு இந்தக் கஞ்சியைத்தான் போட்டார்கள். இரண்டாம் உலகப் போரின்போது மாவுப்பொருளுக்குத் தட்டுப்பாடு வரவே, 1940-களில் நம் நாட்டு ஆலைகளும் துணிக்குக் கஞ்சி போடப் புளியங்கொட்டைத் தூளை நாடின. இன்று ஜப்பானில் ஐஸ்கிரீமையும் குழம்பு வகைகளையும் கெட்டியாக்க இதையே சேர்க்கிறார்கள்.

மருந்துக்கு வருவோம். கண் வறட்சி உள்ளவர்களுக்குச் சாதாரணச் சொட்டு மருந்து விட்டால் இமை கொட்டியதும் வழிந்துவிடும். நம் கண்ணீரில் வழவழப்பான ஒரு பொருள் உண்டு. புளியங்கொட்டைப் பசையின் கிளைவிட்ட அமைப்பும் ஏறக்குறைய அதைப் போன்றதே. ஆகவே அது கண்ணின் மேல் ஒட்டி நின்று, ஈரத்தைக் கூடுதல் நேரம் காக்கிறது. ஐரோப்பாவில் இத்தகைய சொட்டு மருந்துகள் விற்பனையில் உள்ளன. வயிற்றுப்போக்கில் குடலின் உட்சுவரில் மெல்லிய படலமாகப் படிந்து காக்கவும் இதே பொருள் பயன்படுகிறது. மாத்திரையில் சேர்த்தால் நீர் பட்டதும் உப்பிக் கூழாகிறது. உள்ளிருக்கும் மருந்து ஒரேயடியாகக் கரையாமல் சிறிது சிறிதாக வெளிவரும்.

இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் கொட்டையை இடித்துக் கண்ணில் விட்டுவிட வேண்டாம்! மருந்துக்கு ஆகும் பசையைத் தண்ணீரில் காய்ச்சி, புரதமும் நாரும் கீழே படிந்தபின், தெளிவில் சாராயச் சத்தைச் சேர்த்துத் திரித்துப் பிரிக்கிறார்கள். பிறகு கிருமி நீக்க வேண்டும். வீட்டுத் தூளை விட்டால் கண்ணே போய்விடும்.

அப்படியானால் விவசாயிக்கு என்ன லாபம்? மருந்துக் கம்பெனிக்காரர் நம் களத்துக்கு வரப் போவதில்லை. கொட்டையை வாங்குவது தூள் அரைக்கும் ஆலைதான். ஆனால் ஆலைக்காரர் பார்ப்பது தரம். சதை ஒட்டிய கொட்டை பூசணம் பிடிக்கும். வண்டு துளைத்த கொட்டையில் பருப்பே இராது. இந்த வண்டு மரத்திலுள்ள பழத்திலேயே முட்டையிடுகிறது. ஆகவே ஓட்டில் துளை உள்ள பழங்களை உடைக்கும் முன்பே தனியே ஒதுக்கிவிடுங்கள். நல்ல கொட்டையைச் சதை போகக் கழுவி, கல்லென்று காயும்வரை வெயிலில் உலர்த்தி, சுத்தமான சாக்கில் தரை ஈரம் படாமல் பலகை மேல் அடுக்குங்கள்.

மரத்தைப் பூவிலேயே குத்தகைக்கு விடுகிறவர்களுக்கு இந்த 34 கிலோவும் கணக்கிலேயே வருவதில்லை. குத்தகைக்காரர் அதையும் சேர்த்துத்தான் விலை போடுகிறாரா என்று இந்த ஆண்டு கேட்டுப் பாருங்கள். நாலைந்து வீட்டார் சேர்ந்து பழத்தை உடைத்து, சதையை மண்டிக்கும் கொட்டையை ஆலைக்கும் தனித்தனியே விற்றால் பேரம் பேச வாய்ப்புண்டு.

புதிதாக நடுகிறவர்கள் ஒட்டுக் கன்றையே நடலாம். 10 மீட்டருக்கு 10 மீட்டர் இடைவெளி என்றால் ஏக்கருக்கு 40 மரம். விவரங்களுக்குப் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தாரைக் கேட்கலாம்.