முதலில் காற்று, கடைசியில்தான் சாயம்



தீபாவளி நெருங்கிவிட்டால் நம் வீடுகளில் ஒரே பேச்சுத்தான். "இந்த வருஷம் வீட்டுக்கு என்னா பண்ணப் போறீங்க?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்பார். "சாயம் அடிக்கணும், புது திரைச்சீலை போடணும், தரைக்கு ரப்பர் பாய் வாங்கணும்" என்று பதில் வரும். கையில் இருப்பதோ கொஞ்சம் காசு. 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது உண்மைதான். ஆனால் அரிசி, பருப்பு, பள்ளிக்கூடச் செலவு, மோட்டார் சைக்கிள் தவணை எல்லாம் போக, வீட்டுக்கென்று ஒதுக்க எவ்வளவு மிஞ்சும் என்பது நம் எல்லாருக்கும் தெரியும்.

அந்தக் கொஞ்சக் காசை எதில் முதலில் போடுவது? இதுதான் இன்றைய சுகாதாரப் பகுதியின் கேள்வி. சுவரை வைத்துத்தான் சித்திரம் என்பார்கள். சுவர் ஈரமாக இருந்தால் சித்திரமும் நிற்காது, அந்த அறையில் படுக்கிற குழந்தையின் நெஞ்சும் நிற்காது. ஆகவே வரிசையை மாற்றிப் போடுவோம்: முதலில் காற்று, பிறகு ஈரம், அடுத்து கொசுவும் எலியும், கடைசியில்தான் சாயம்.

துரை வீடும் தொழிலாளி வீடும்

பத்து காஜா - கோப்பெங் சாலையில் கெல்லி ஸ்மித் துரையின் மாளிகையைப் பார்க்காத பேராக்காரர் குறைவு. 1915-இல் தொடங்கிய அந்தக் கட்டடத்துக்குச் சென்னை மாகாணத்திலிருந்து தமிழ்த் தொழிலாளர்களைக் கொண்டுவந்தார்கள். வேலை நடந்துகொண்டிருக்கும்போதே விஷக்காய்ச்சல் பரவியது. பலர் மாண்டு போனார்கள். தொழிலாளர்கள் கேட்டுக்கொண்டபடி அருகில் மாரியம்மனுக்கு ஒரு கோயில் எழுந்தது. துரையும் அந்த மாளிகையில் குடியிருந்து சுகம் காணவில்லை. 1926-இல் லிஸ்பன் நகரில் நிமோனியா நோயால் இறந்தார்; மாளிகை அரைகுறையாகவே நின்றுவிட்டது.

துரைக்கும் தொழிலாளிக்கும் நுரையீரல் ஒரே மாதிரிதான். ஆனால் நெருக்கமான அறையில் ஏழெட்டுப் பேர் ஒரே காற்றைத் திரும்பத் திரும்பச் சுவாசித்தால் ஒருவர் நோய் எல்லாருக்கும் வரும். அந்தக் காலத்து லயங்களில் காய்ச்சல் பரவியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இன்று லயங்கள் குறைந்துவிட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. பலர் தோட்டத்தை விட்டுத் தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் போய்விட்டார்கள். ஆனாலும் சன்னலைச் சாத்திக்கொண்டு படுக்கும் பழக்கம் மட்டும் நம்மோடு கூடவே வந்துவிட்டது.

யார் பையிலிருந்து காசு?

சுத்தியலை எடுக்குமுன் ஒரு விஷயம். நீங்கள் தோட்ட நிர்வாகத்தின் வீட்டில் இருக்கிறீர்களா? அப்படியானால் ஒழுகும் கூரை, உடைந்த கால்வாய், உளுத்த தூண் இவற்றுக்கு உங்கள் போனஸ் காசைத் தொடாதீர்கள். தொழிலாளர் வீட்டு வசதிக்கு 1966-இல் ஒரு சட்டம் வந்தது; அதன் இடத்தில் 1990-இல் 446-ஆம் சட்டம் வந்தது; 2019-இல் அதுவும் திருத்தப்பட்டது. வீட்டை நல்ல நிலையில் பழுதுபார்த்து வைத்திருப்பது முதலாளியின் கடமை என்று அந்தச் சட்டம் சொல்கிறது. குழாய்த் தண்ணீரும் மின்சார வசதியும் அந்தக் கடமையில் அடங்கும்.

அதே சட்டத்தில் இன்னொன்றும் உண்டு. அனுமதி இல்லாமல் கட்டடத்தில் எதையும் சேர்க்கவோ மாற்றவோ கூடாது. ஆகவே சுவரை இடிப்பது, சன்னலைப் பெரிதாக்குவது, பின்னால் ஓர் அறை இழுப்பது எல்லாம் கேட்டுத்தான் செய்ய வேண்டும். வாய்ப்பேச்சு காற்றோடு போகும். புகாரைத் தாளில் எழுதி, தேதி போட்டு, ஒரு நகலை வைத்துக்கொண்டு, கிளைத் தலைவர் மூலமாகக் கொடுங்கள். அதற்கும் அசையாவிட்டால் தொழிலாளர் இலாகா இருக்கிறது.

காற்றுக்கு வழி

சயரோகம் பழைய கதை என்று நினைக்காதீர்கள். 2022-இல் மட்டும் மலேசியாவில் 25,000 பேருக்கு மேல் சயரோகம் கண்டது. இருமும்போது வெளிவரும் கிருமி அடைத்த அறையில் மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும். காற்று ஓடினால் கலைந்து போகும். வெயில் பட்டால் செத்துப்போகும்.

காசே இல்லாமல் செய்யக்கூடிய வேலை: சன்னலை மறைத்து நிற்கும் அலமாரியை நகர்த்துங்கள். எதிரெதிரே இருக்கும் சன்னலையும் கதவையும் காலையில் திறந்து வையுங்கள். கூரைக்கும் சுவருக்கும் இடையே உள்ள சந்தில் கொசு வருகிறது என்று பலர் அட்டையும் பிளாஸ்டிக்கும் வைத்து அடைக்கிறார்கள். சூடான காற்று மேலே ஏறி வெளியேறும் வழி அதுதான். அடைக்காமல் கம்பி வலை அடியுங்கள். காற்று போகும், கொசு வராது.

"சன்னலைத் திறந்தா கொசு வருமே, கொசுவத்திச் சுருள் கொளுத்திக்கிட்டாப் போதாதா?" என்று கேட்கலாம். சீனாவிலும் மலேசியாவிலும் விற்ற சுருள்களை ஆராய்ந்து 2003-இல் ஒரு முடிவு வெளிவந்தது. ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்தூசி, 75 முதல் 137 சிகரெட்டு எரிந்தால் வரும் தூசிக்குச் சமம் என்று கண்டார்கள். கதவைச் சாத்திவிட்டுச் சுருளைக் கொளுத்தினால் அந்தப் புகை முழுவதும் பிள்ளையின் நெஞ்சுக்குள் போகிறது.

அதற்குப் பதிலாகக் கொசு வலை வாங்குங்கள். மீட்டர் கணக்கில் விற்கிறார்கள். சன்னல் சட்டத்தைவிட இரண்டு விரல் அகலம் கூடுதலாக வெட்டி, ஓரத்தை மடித்து, மெல்லிய மரச்சட்டத்தால் அழுத்தி ஆணி அடியுங்கள். மடிக்காமல் அடித்தால் நாலு மாதத்தில் கிழியும். கழுவக் கழற்ற வேண்டுமானால் ஒட்டுநாடா வைத்துத் தைத்துக்கொள்ளலாம்.

சமையல் இடத்தையும் பாருங்கள். கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில்தான் தேங்கும். அடுப்படியில் கீழே உள்ள திறப்பை அடைக்காதீர்கள். குழாயில் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் கசிவு. அப்போது விளக்குச் சுவிட்சைத் தொடாமல் கேஸை மூடி, கதவு சன்னலைத் திறந்துவிட்டு வெளியே வாருங்கள்.

ஈரச் சுவருக்கு மருந்து

சுவரில் கறுப்புப் பூஞ்சணம் பிடித்தால் அதன்மேல் சாயம் அடித்து மறைப்பது நம் வழக்கம். சில மாதத்தில் திரும்பி வந்துவிடும். ஈரம் இருக்கும்வரை பூஞ்சணம் இருக்கும். இளைப்பு உள்ள பிள்ளைக்கு மூச்சுத் திணறலும் வரும்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. ஓர் அடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து, நான்கு பக்கமும் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். பிறகு பாருங்கள். தாளுக்குப் பின்னால் தண்ணீர் பூத்திருந்தால் ஈரம் சுவர் வழியாக வருகிறது. முன்பக்கம் பூத்திருந்தால் வீட்டுக்குள் துணி காயப்போடுவதும் சமையல் ஆவியும் காரணம். அதற்குக் காற்றோட்டமே மருந்து.

சுவர் வழியாக வந்தால் வெளியே போய்ப் பாருங்கள். சுவரோரம் மண் ஏறியிருக்கிறதா? பூச்சட்டி வரிசையாக நிற்கிறதா? கால்வாய் அடைத்திருக்கிறதா? ஓர் அடி தூரம் மண்ணை வெட்டி எடுத்துத் தண்ணீர் ஓட வழி செய்யுங்கள். இந்த வேலைக்கு மண்வெட்டி போதும்.

சுவர் காய்ந்த பிறகு சுண்ணாம்பு அடிக்கலாம். ஈப்போவைச் சுற்றி நிற்பதெல்லாம் சுண்ணாம்புக் குன்றுகள்தானே! நம் பாட்டன்மார் பொங்கலுக்கு வெள்ளை அடித்தது அழகுக்கு மட்டுமல்ல. சுண்ணாம்பின் காரத்தில் பூஞ்சணம் எளிதில் வளராது. சுவரும் மூச்சு விடும். நீற்றிய சுண்ணாம்புத் தூளைத் தண்ணீரில் கரைத்து ஓர் இரவு ஊறவிட்டு, துணியில் வடிகட்டி, பால் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒரு கைப்பிடி உப்புச் சேருங்கள். சுவரை நனைத்துவிட்டு மெல்லிசாக அடியுங்கள். ஒரு நாள் விட்டு இன்னொரு பூச்சு, பிறகு மூன்றாவது. ஏற்கனவே எண்ணெய்ச் சாயம் அடித்த சுவரில் இது பிடிக்காது. சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். பிள்ளைகளைத் தூர நிறுத்துங்கள். கண்ணாடியும் கையுறையும் போடுங்கள். பட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் கால்மணி நேரம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

தொடக் கூடாதவை

முதலாவது, ஆஸ்பெஸ்டாஸ் கூரை. பழைய வீடுகளில் சாம்பல் நிறத்தில் நெளிநெளியாக இருக்கும். எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. உடையாமல் இருக்கும் தகட்டை அப்படியே விடுங்கள். துளை போடாதீர்கள், அறுக்காதீர்கள், தேய்த்துக் கழுவாதீர்கள், மேலே ஏறாதீர்கள். உடைந்திருந்தால் நிர்வாகத்துக்கு உடனே எழுதுங்கள். உடைந்த துண்டைக் கோழிக் கூண்டுக்குக் கூரையாக வைப்பதும் வேண்டாம்.

இரண்டாவது, பழைய எண்ணெய்ச் சாயம். அதில் ஈயம் இருக்கலாம். உலர்ந்தபடி உப்புத்தாளால் தேய்த்தால் ஈயத்தூள் வீடு முழுக்கப் பறக்கும். தவழும் பிள்ளை அதைக் கையில் தொட்டு வாயில் வைக்கும். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை. நனைத்துத் தேய்த்து, ஈரத் துணியால் துடைத்து, பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் வேறு வீட்டில் விட்டுவிட்டுச் செய்யுங்கள்.

மூன்றாவது, மின்சாரக் கம்பி. "நம்ம பையனுக்கு வயரிங் தெரியும்" என்ற பேச்சு வேண்டாம். பதிவு பெற்ற மின்பணியாளரைக் கூப்பிடுங்கள். நீங்கள் செய்ய வேண்டியது, மின்கசிவைத் துண்டிக்கும் சுவிட்சின் சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பார்ப்பது. அது விழாவிட்டால் ஆபத்து.

கொசுவும் எலியும் குளியலறையும்

2023-இல் நாட்டில் டெங்கி கண்டவர்கள் 1 லட்சத்து 23 ஆயிரம் பேருக்கு மேல். இறந்தவர்கள் 100 பேர். தண்ணீர்த் தொட்டியை மாற்றினால் மட்டும் போதாது. ஏடிஸ் கொசுவின் முட்டை தொட்டியின் பக்கச் சுவரில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் வற்றினாலும் மாதக் கணக்கில் உயிரோடு இருக்கும். வாரம் ஒரு நாள் தொட்டியின் உட்புறத்தைத் தூரிகையால் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். டிரம்முக்கு மேல் வலைத்துணி போட்டு ரப்பர் பட்டையால் இறுக்கிக் கட்டுங்கள்.

எலிச் சிறுநீரால் வரும் காய்ச்சல் உயிரையே குடிக்கும். அரை அங்குல ஓட்டை போதும், எலி நுழைந்துவிடும். சுவர் அடியிலும் குழாய் வரும் இடத்திலும் கம்பி வலையைச் சுருட்டித் திணித்து, மேலே சிமெண்டு பூசுங்கள். சிமெண்டு மட்டும் ஈரமாக இருந்தால் எலி தோண்டிவிடும்.

குளியலறைப் பாசியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் வயதானவர் பிறகு எழுந்து நடப்பது கஷ்டம். பாசியைத் தேய்த்து எடுங்கள். தாத்தா பாட்டி இருக்கும் வீட்டில், புதுத் திரைச்சீலைக்கு முன்னால் ஒரு கைப்பிடிக் கம்பி வாங்குங்கள். அதைக் கல்சுவரில் ஆழமாகப் பதிக்க வேண்டும். பிளீச்சையும் கழிப்பறை கழுவும் ஆசிட்டையும் ஒருபோதும் கலக்காதீர்கள். அதில் வரும் வாயு விஷம்.

இப்போது சாயம்!

இவ்வளவும் முடிந்து காசு மிஞ்சினால் தாராளமாகச் சாயம் வாங்குங்கள். தண்ணீரில் கரையும் சாயமாக, வெளிர் நிறமாக எடுங்கள். அறையில் வெளிச்சம் கூடும், மூலையில் பதுங்கும் கொசுவும் கண்ணில் படும். சன்னலைத் திறந்து வைத்து அடியுங்கள். வாடை போகும்வரை அந்த அறையில் குழந்தையைப் படுக்க வைக்காதீர்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை நான்கு வீட்டார் சேர்ந்தால் ஒரு கால்வாய் சுத்தமாகும். ஒரே ஏணியை வைத்து நான்கு வீட்டுச் சந்துக்கும் வலை அடித்துவிடலாம். சங்கம் நமக்குக் கற்றுக்கொடுத்த பாடமும் அதுதானே. விருந்தாளி வந்து "சுவர் பளபளன்னு இருக்கே" என்று சொல்வது ஒரு நாள் சந்தோஷம். பிள்ளை இருமாமல் இரவு முழுக்கத் தூங்குவது வருஷம் பூராவும் தீபாவளி.