மாத்திரை அட்டையைத் தூக்கி எறியாதீர்கள்

காய்ச்சலுக்கு மாத்திரை சாப்பிட்டு ஒரு வாரம் ஆகியிருக்கும். காய்ச்சல் விட்டுவிட்டது. ஆனால் மார்பிலும் முதுகிலும் சிவப்புச் சிவப்பாகத் தடித்து, அரிப்புத் தாங்க முடியவில்லை. வீட்டில் ஒருவர் அம்மை என்பார், இன்னொருவர் உடம்புச் சூடு என்பார். சாப்பிட்ட மருந்தை யாரும் சந்தேகிப்பதில்லை.

தோல் மருத்துவரிடம் போனால் அவர் முதலில் கேட்பது, "என்ன மாத்திரை? எந்தத் தேதியில் ஆரம்பித்தீர்கள்?" என்றுதான். பலரிடம் பதில் இருக்காது. மெடிக்கல் ஷாப்பில் அட்டையிலிருந்து வெட்டி, சின்னக் காகிதக் கவரில் போட்டுக் கொடுத்த மாத்திரைகள் அவை: ஒரு வெள்ளை, ஒரு மஞ்சள், ஒரு கேப்ஸ்யூல். பெயர் அச்சிட்ட பகுதி கடையிலேயே நின்றுவிட்டது. மருந்து ஒவ்வாமையைக் கண்டுபிடிப்பதில் ரத்தப் பரிசோதனையைவிட அந்தப் பெயரும் தேதியும்தான் பெரிய தடயம்.

நாள் கணக்குதான் நோயைக் காட்டும்

மருந்து உள்ளே போன சில நிமிடங்களிலோ ஒரு மணி நேரத்துக்குள்ளோ உடம்பெங்கும் திட்டுத் திட்டாகத் தடிப்பது ஒரு வகை. உதடும் கண் இமையும் வீங்கலாம். மூச்சுத் திணறல், குரல் அடைப்பு, தலைசுற்றல் சேர்ந்தால் அது உயிருக்கு ஆபத்து. உடனே தொடையில் அட்ரினலின் ஊசி போட வேண்டும். வீட்டில் இருக்கும் அலர்ஜி மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது.

அதிகம் பேருக்கு வருவது வேறு வகை. அம்மைபோல் சிறு சிறு சிவப்புப் புள்ளிகள், மருந்து தொடங்கிய 4 முதல் 14 நாட்களுக்குள் எழும்பும். ஐந்து நாள் ஆன்டிபயாட்டிக் முடிந்து, ஏழாம் நாள் தடிப்பு வரும்போது, "மாத்திரையை நிறுத்தி இரண்டு நாள் ஆச்சே, அதுவா இருக்காது" என்று சொல்லிவிடுகிறோம். அதுவாகவே இருக்கலாம். முன்பே ஒருமுறை ஒத்துக்கொள்ளாத மருந்தென்றால் ஓரிரு நாளிலேயே தெரிந்துவிடும். பல வருடமாகச் சாப்பிடும் பிரஷர் மாத்திரையைவிட, போன வாரம் புதிதாகச் சேர்ந்த மருந்தின்மேல்தான் முதல் சந்தேகம் விழ வேண்டும்.

ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப

உதட்டிலோ, கையிலோ, பிறப்புறுப்பிலோ வட்டமாக, கருஞ்சிவப்பாக ஒரு திட்டு. எரிச்சல் இருக்கும், சில சமயம் கொப்புளமும் வரும். ஆறியபின் கருநீலத் தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். சில மாதம் கழித்து அதே இடத்தில் அச்சு அசலாக மறுபடி வரும். பூச்சி கடித்திருக்கும் என்று விட்டுவிடுவார்கள். பிறப்புறுப்பில் வந்தால் பால்வினை நோயோ என்று பயந்து, வெளியே சொல்லாமல் தவிப்பவர்களும் உண்டு. வயிற்றுப்போக்குக்கும் உடம்பு வலிக்கும் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைகள் இதற்கு அடிக்கடி காரணமாகின்றன. ஒவ்வொரு முறை வந்தபோதும் அதற்கு முந்தைய நாள் என்ன விழுங்கினோம் என்று யோசித்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

இவை தெரிந்தால் அன்றே ஆஸ்பத்திரி

அரிப்பைவிட வலி அதிகமாக இருப்பது, காய்ச்சல், கண் எரிச்சல், வாய்ப்புண், தோலில் கொப்புளம், லேசாகத் தேய்த்தாலே தோல் உரிவது. இவை ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோயின் அடையாளங்கள். 1922-இல் இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் இதை விவரித்தார்கள். உடற்பரப்பில் 30 சதவீதத்துக்கு மேல் தோல் கழன்றால் அது இன்னும் கடுமையான வடிவம். தீக்காயத்துக்குச் செய்வதுபோலவே கவனிக்க வேண்டும். பார்வை போகாமலிருக்க முதல் நாளே கண் மருத்துவரும் பார்க்க வேண்டும். வலிப்புக்கான கார்பமாஸெபின், ஃபெனிட்டாயின், லாமோட்ரிஜின், யூரிக் அமிலத்துக்கான அலோபியூரினால், சல்ஃபா மருந்துகள் ஆகியவை இதற்குக் காரணமாகும் மருந்துகளில் முக்கியமானவை. பெரும்பாலும் மருந்து தொடங்கிய முதல் நான்கு வாரத்துக்குள் இது வரும்.

இதே மருந்துகளால் சிலருக்கு 2 முதல் 8 வாரம் கழித்துத் தடிப்புடன் காய்ச்சலும் முக வீக்கமும் வந்து, கல்லீரலும் பாதிக்கப்படலாம். வலிப்பு மாத்திரை சாப்பிடுபவருக்குத் தடிப்பு வந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டி, மாற்று மருந்து பெற வேண்டும்.

எப்படி உறுதி செய்கிறார்கள்?

எந்த மருந்து காரணம் என்று ஒரே ரத்தப் பரிசோதனையில் சொல்லிவிட முடியாது. ரத்தத்தில் உள்ள ஈசினோஃபில் என்ற வெள்ளை அணுக்களின் எண்ணிக்கையும் கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனைகளும் பாதிப்பு எவ்வளவு என்றுதான் காட்டும். சந்தேகம் தீராவிட்டால் சிறு தோல் துணுக்கை எடுத்துப் பரிசோதிப்பார்கள்.

தடிப்பு ஆறி 4 முதல் 6 வாரம் கழித்துத் தோல் சோதனைகள் செய்யலாம். மருந்தைத் தோலில் ஊசியால் கீறிப் பார்ப்பது ஒன்று. முதுகில் 48 மணி நேரம் ஒட்டி வைத்துப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் இன்னொன்று. கடைசி வழி, ஆஸ்பத்திரிக் கண்காணிப்பில் சிறிது சிறிதாக அந்த மருந்தையே கொடுத்துப் பார்ப்பது. தோல் உரியும் நோய் வந்தவருக்கு இதை ஒருபோதும் செய்யக் கூடாது.

ஊசி போடுமுன் முன்கையில் போடும் 'டெஸ்ட் டோஸ்' மேல் நம் மக்களுக்கு இருக்கும் நம்பிக்கை அளவுக்கு மீறியது. உடனே வரும் ஒவ்வாமையை மட்டுமே அது காட்ட முயல்கிறது. ஏழாம் நாள் வரப்போகும் தடிப்பை அது சொல்லாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. சிறு வயதில் பென்சிலின் ஊசி போட்டதும் மயங்கி விழுந்ததால், இன்றுவரை 'பென்சிலின் அலர்ஜி' என்று சொல்லிக்கொள்பவர்கள் பலர். மேலை நாடுகளில் இப்படிச் சொல்பவர்களை முறையாகச் சோதித்தபோது 10 பேரில் 9 பேருக்கு மேல் அந்த மருந்து ஒத்துக்கொண்டது. நல்ல, மலிவான மருந்தை வீணாக இழக்கிறோம் என்பதால், இதையும் மருத்துவரிடம் சொல்லிச் சோதித்துக்கொள்வது நல்லது.

சிலருக்கு ஆபத்தை முன்கூட்டியே அறியலாம். கார்பமாஸெபின் புதிதாகத் தொடங்கும் ஆசிய வம்சாவளியினருக்கு மரபணுச் சோதனை செய்வதை 2013-இல் சிங்கப்பூர் வழக்கமாக்கியது.

பர்ஸில் ஒரு சீட்டு

ஒத்துக்கொள்ளாத மருந்தின் கம்பெனிப் பெயரை மட்டும் எழுதி வைத்தால் போதாது. ஒரே மருந்து எத்தனையோ பெயர்களில் விற்கிறது, கூட்டு மாத்திரைகளுக்குள்ளும் ஒளிந்திருக்கிறது. மூலப்பெயரை மருத்துவரிடம் எழுதி வாங்கி, என்ன வந்தது, எந்த வருடம் என்பதையும் சேர்த்து பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். கடையில் அட்டையை வெட்டும்போது பெயர் உள்ள பகுதியைக் கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நாட்டு மருந்து, லேகியம் சாப்பிட்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். மருந்தால் வரும் பாதிப்புகளைப் பதிவு செய்ய 2010 முதல் இந்திய அரசின் மருந்துக் கண்காணிப்புத் திட்டம் இயங்குகிறது. நோயாளியே 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் தெரிவிக்கலாம்.