உங்கள் தரை, கீழ்வீட்டாரின் கூரை

புது வீட்டில் சோபா, மேசையெல்லாம் வந்து சேர்ந்த பிறகு, வரவேற்பறையின் நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டிப் பாருங்கள். தட்டி முடித்த பின்னும் ஓசை ஒரு கணம் தொங்கி நிற்கிறதா? அப்படியென்றால் அந்த அறையில் நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசினால் யார் பேச்சும் யாருக்கும் விளங்காது.

காரணம் எளிது. நாம் ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுக்கும் பூச்சுகள் எல்லாமே கடினமானவை. பளபளக்கும் டைல்ஸ், கண்ணாடிக் கதவு, வெறும் சுவர், பொய்க்கூரை என எதுவும் ஓசையை விழுங்குவதில்லை, திருப்பி அனுப்பிவிடும். ஒரு பொருள் ஓசையை உறிஞ்சும் திறனை 0 முதல் 1 வரையிலான எண்ணால் குறிப்பார்கள். டைல்ஸ் 0-ஐ ஒட்டி நிற்கும். மடிப்புகள் நிறைந்த கனமான திரைச்சீலை பாதியை எட்டிவிடும்.

எங்கள் வீவக வீட்டில் இதை உணர்த்தியவர் என் அம்மா. செவித்துணைக் கருவி அணிபவர். ஞாயிறு மதியம் குடும்பமே கூடிச் சாப்பிடும்போது, சிரித்துத் தலையாட்டிவிட்டுத் தட்டுடன் தம் அறைக்குப் போய்விடுவார். கருவியில் கோளாறு என்றே நினைத்திருந்தோம். ஆனால் அது பேச்சை மட்டுமா பெரிதாக்குகிறது? சுவரில் மோதித் திரும்பும் ஓசையையும் சேர்த்தல்லவா பெரிதாக்குகிறது! சன்னலுக்குத் தரைவரை தொங்கும் தடித்த திரை, சாப்பாட்டு மேசைக்கு அருகில் ஒரு விரிப்பு, எதிர்ச்சுவரில் புத்தகங்கள் நிறைந்த திறந்த அலமாரி. இவ்வளவுதான் செய்தோம். இப்போது பாதிப் பேச்சில் எங்களைத் திருத்துவதே அம்மாதான். (வீட்டில் ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் இருந்தால் விரிப்பு வேண்டாம். நம் ஈரப்பதத்தில் அதில் தூசிப்பூச்சி சேரும். துவைக்கக்கூடிய திரையே போதும்.)

ஆனால் இவை எதுவும் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியை அடக்காது. பலர் குழம்புவது இங்கேதான். அறைக்குள் எதிரொலியைக் குறைப்பது வேறு, வெளிச்சத்தம் உள்ளே வராமல் தடுப்பது வேறு. சுவரில் பஞ்சுப் பலகை ஒட்டினால் முதலாவது நடக்கும், இரண்டாவது நடக்காது. தடுப்பதற்குக் கனமும் வேண்டும், இடைவெளி இல்லாமையும் வேண்டும். படுக்கையறைக் கதவின் அடியில் விரல் நுழையும் சந்து இருந்தால், கதவு எவ்வளவு உயர்ந்ததாக இருந்தும் பயனில்லை. ரயில் தடத்தைப் பார்த்த வீடு என்றால், நகர்த்தும் சன்னலைவிட இறுக்கி மூடும் கீல் சன்னல் நல்லது. மூடினால் காற்று வராது, குளிரூட்டிக் கட்டணம் ஏறும் என்பதும் உண்மைதான். அதனால் படுக்கையறைக்கு மட்டும் இந்தச் செலவைச் செய்யலாம் என்பது என் கருத்து.

தரை விஷயம் இன்னும் நுட்பமானது. நாற்காலி இழுபடும் சத்தமும் பிள்ளைகள் குதிக்கும் சத்தமும் கான்கிரீட் வழியாகவே கீழே இறங்கும். கீழ்வீட்டார் தம் கூரையில் என்ன ஒட்டினாலும் பலன் குறைவு. மேல்வீட்டில்தான் தடுக்க முடியும். கடைக்காரர் வைனில் தரையைக் காட்டி 'சத்தமே வராது' என்றால், எந்தச் சத்தம் என்று கேளுங்கள். அடியில் மெத்தென்ற அடுக்கு உள்ள வைனில், காலடி ஓசை கீழே இறங்குவதைக் குறைக்கும். உங்கள் அறையின் எதிரொலிக்கு அதனால் பெரிய பலன் இல்லை.

பழைய டைல்ஸை உடைக்காமல் அதன் மேலேயே வைனில் போடலாம். ஆனால் வீவக விதிப்படி தரைப்பூச்சும் அடித்தளக் கலவையும் சேர்ந்து 50 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. உடைத்தே ஆகவேண்டும் என்றால், சத்தமான வேலைகளுக்கு வாரநாள்களில் காலை 9 முதல் மாலை 5 வரைதான் அனுமதி. அக்கம்பக்கத்தில் கைக்குழந்தையோ இரவுப்பணிக்காரரோ இருக்கிறார்களா என்று முன்கூட்டியே விசாரித்து நாளைச் சொல்லிவைப்பது நல்லது.

கடைசியாக, நம் சமையலறைக்கே உரிய ஒன்று: இடிகல். அறையின் நடுவில் தரையில் வைத்து மிளகு இடித்தால் கீழ்வீட்டில் அது சுத்தியல் அடி. சுவரோரமாக, தடித்த ரப்பர் விரிப்பின் மேல் நான்காக மடித்த பழைய துண்டைப் போட்டு, அதன்மேல் வைத்து இடியுங்கள்.