ஒரு பீரங்கி விற்க எத்தனை கையெழுத்து?

(இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல் துறை)

ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று சங்கச் செயலாளர் அண்ணன் கேட்டபோது, "எனக்குக் கவிதைகூட வராதேண்ணே" என்றேன். "இன்பிளான்ட் டிரெயினிங்ல என்ன பார்த்தியோ அதை எழுதுடா" என்றார். நண்பர்களே, நான் பார்த்தது ஒரு சின்னப் புஷ். உள்ளங்கையில் அடங்கிவிடும். அதைப் பிடித்துக்கொண்டே போனால் போஃபர்ஸ், டெல்லி, அமெரிக்கச் சட்டம் என்று எங்கெங்கோ போய்விட்டது.

திருச்சிப் பக்கம் ஒரு சிறிய யூனிட். பெயர் வேண்டாம். ஏழெட்டு லேத், இரண்டு சி.என்.சி. அவர்கள் ஒரு பெரிய கம்பெனிக்கு ஜாப் செய்து கொடுக்கிறார்கள். அந்தப் பெரிய கம்பெனி, நம் ராணுவத்துக்குத் தளவாடம் விற்கிற ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்குப் பாகங்கள் அனுப்புகிறது. எனக்குக் கொடுத்த வேலை இன்ஸ்பெக்ஷன். 60 புஷ், ஒவ்வொன்றின் வெளிவிட்டத்தையும் மைக்ரோமீட்டரில் அளந்து ரிப்போர்ட்டில் எழுத வேண்டும். பத்து அளந்திருப்பேன். சூப்பர்வைசர் வந்து, "தம்பி, இப்படி அளந்தா விடிஞ்சிரும். எல்லாம் ஒரே செட்டிங்ல ஓடுனதுதான். மிச்சத்துக்கு அதே ரேஞ்சுல நம்பரைப் போட்டு எழுதிடு" என்றார். நானும் எழுதினேன். பொய் எழுதுகிறோம் என்றுகூட அப்போது தோன்றவில்லை. 'அளந்தவர்' என்ற இடத்தில் கையெழுத்தும் போட்டேன். முதன்முதலாக ஒரு கம்பெனிப் பேப்பரில் என் கையெழுத்து. உள்ளுக்குள் பெருமையாக இருந்தது!

கையெழுத்துக்கு மேலே நாலு வரி இங்கிலீஷ். பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. வீட்டில் கேட்க ஆள் கிடையாது. அப்பா காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். அம்மா மூன்றாம் வகுப்போடு சரி. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியது நான்தான். அந்த நாலு வரியை ரஃப் நோட்டில் எழுதிக்கொண்டு வந்து நம் துறை விரிவுரையாளர் ஒருவரிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இதுக்கு அடியில யார்ரா கையெழுத்துப் போட்டது?" என்றார். அப்புறம் ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்து விளக்கினார். மீதியை நான் தேடிப் படித்தேன்.

ஒரு வெளிநாட்டுக் கம்பெனி நம் நாட்டுக்கு ஒரு பீரங்கி விற்க வேண்டுமென்றால் என்ன செய்ய வேண்டும்? கடையில் சாமான் விற்பது போலத்தானே என்று நினைத்திருந்தேன். இல்லவே இல்லை. பாதுகாப்பு அமைச்சகம் இதற்கென்றே ஒரு தடித்த விதிப்புத்தகம் வைத்திருக்கிறது. 2002-ல் தொடங்கி அடிக்கடி திருத்தப்பட்ட அந்த விதிகள், 2020 அக்டோபர் 1 முதல் 'டி.ஏ.பி. 2020' என்ற பெயரில் நடைமுறைக்கு வந்தன. ராணுவம் தனக்கு என்ன வேண்டும் என்று எழுதிக் கேட்கும். கம்பெனிகள் தொழில்நுட்ப விவரத்தை ஒரு கவரிலும் விலையை வேறொரு கவரிலும் போட்டுத் தர வேண்டும். பொருள் தேறினால்தான் விலைக் கவரைப் பிரிப்பார்கள். தேறுகிறதா என்று எப்படித் தெரியும்? பீரங்கியை இங்கே கொண்டுவந்து பாலைவனத்திலும் மலையிலும் சுட்டுக் காட்ட வேண்டும். அதற்கான செலவு கம்பெனியுடையது. கோடிக்கணக்கில் செலவழித்துக் காட்டிவிட்டு ஆர்டர் கிடைக்காமல் போனாலும் ஒன்றும் கேட்க முடியாது. அதன்பின் தேறியவர்களில் குறைந்த விலை சொன்னவரோடு பேரம். பெரிய தொகை என்றால் மத்திய அமைச்சரவையின் பாதுகாப்புக் குழு வரை கோப்பு போகும். வருடக்கணக்கில் ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இதற்கு நடுவில்தான் அந்த முக்கியமான காகிதம் வருகிறது. 'இன்டெக்ரிட்டி பேக்ட்' என்பார்கள், அதாவது நேர்மை உடன்படிக்கை. டெண்டரில் கலந்துகொள்ளும் கம்பெனியும் அரசும், ஒப்பந்தம் போடுவதற்கு முன்பே, 'கொடுக்கமாட்டேன், வாங்கமாட்டேன்' என்று எழுதிக் கையெழுத்திடுகிறார்கள். ஏஜென்ட் யாராவது வைத்திருந்தால், யார், எவ்வளவு கொடுத்தாய் என்று சொல்லியாக வேண்டும். சந்தேகம் வந்தால் அரசு கம்பெனியின் கணக்குப் புத்தகத்தைப் பார்க்கலாம். மீறினால் ஒப்பந்தம் ரத்து, வங்கி உத்தரவாதப் பணம் போச்சு, அடுத்த டெண்டருக்கு வாசலில்கூட நிற்க முடியாது.

இப்படி ஒரு காகிதம் ஏன் வந்தது என்றால், நம் பெற்றோர் காலத்துக்குப் போக வேண்டும். 1986 மார்ச்சில் சுவீடன் நாட்டு போஃபர்ஸ் கம்பெனியிடம் 155 மி.மீ. பீரங்கிகள் வாங்க 1,437 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் ஆனது. இடைத்தரகர் கிடையாது என்பது அப்போதே பேச்சு. 1987 ஏப்ரல் 16-ல் சுவீடன் வானொலி, இதில் லஞ்சம் கைமாறியிருக்கிறது என்று சொல்லிவிட்டது. பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். 1989 தேர்தலில் ஆட்சியே மாறியது. வழக்கு மட்டும் இழுத்துக்கொண்டே போய், 2005-ல் ஹிந்துஜா சகோதரர்கள் மீதான குற்றச்சாட்டுகளை டெல்லி உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பீரங்கி நல்ல பீரங்கி! 1999 கார்கில் போரில் மலை உச்சியைக் குறிவைத்து அடித்தது அதுதான். ஆனால் பேரத்தில் விழுந்த கறையால் யாருக்கும் கையெழுத்துப் போடவே பயம் வந்துவிட்டது. 2016-ல் அமெரிக்காவிலிருந்து எம்-777 பீரங்கிகள் 145 வாங்க ஒப்பந்தம் ஆகும்வரை, ஏறத்தாழ 30 வருடம் வெளிநாட்டிலிருந்து புது 155 மி.மீ. பீரங்கி வாங்கும் முயற்சி எதுவும் கரையேறவில்லை. (அந்த எம்-777 செய்கிற பி.ஏ.இ. சிஸ்டம்ஸ் கம்பெனியிடம்தான் 2005-லிருந்து போஃபர்ஸின் பீரங்கிப் பிரிவும் இருக்கிறது. சுற்றிச் சுற்றி அதே வாசல்தான்!)

நேர்மை உடன்படிக்கை பல் உள்ள காகிதம் என்பது ஹெலிகாப்டர் விவகாரத்தில் தெரிந்தது. 2010 பிப்ரவரியில் அகஸ்டாவெஸ்ட்லேண்ட் கம்பெனியிடம் முக்கியப் பிரமுகர்களுக்காக 12 ஹெலிகாப்டர் வாங்க ஏறத்தாழ 3,600 கோடிக்கு ஒப்பந்தம். மூன்று வந்து சேர்ந்தன. 2013-ல் தாய் நிறுவனத்தின் தலைவரை இத்தாலியில் கைது செய்தார்கள். 2014 ஜனவரி 1-ல் நம் அரசு, உடன்படிக்கையை மீறியதாகச் சொல்லி ஒப்பந்தத்தையே ரத்து செய்தது. பிற்பாடு இத்தாலியில் அந்தத் தலைவர் மேல்முறையீட்டில் விடுதலையானார். ஆனாலும் ஒப்பந்தம் போனது போனதுதான். குற்ற வழக்கு வேறு, ஒப்பந்தம் வேறு. இந்த வித்தியாசம் எனக்கு இப்போதுதான் புரிந்தது.

கருப்புப் பட்டியல் கதை நம் ஊருக்கும் ஒன்று உண்டு. தென்னாப்பிரிக்காவின் டெனல் கம்பெனியிடமிருந்து வெகுதூரம் சுடும் கனரகத் துப்பாக்கி வாங்கிக்கொண்டிருந்தோம். கமிஷன் புகார் எழுந்து 2005-ல் அந்தக் கம்பெனிக்குத் தடை. அதன்பின் நாமே செய்துகொள்வோம் என்று உருவானது 'வித்வன்சக்' துப்பாக்கி. அதைத் தயாரித்தது நம் திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை! ஆனால் இதே தடையால் இன்னொரு பக்கம் பிகாரின் நாளந்தாவில் பீரங்கிக்கான வெடிமருந்துப் பொதி செய்யக் கட்டிக்கொண்டிருந்த தொழிற்சாலை அந்தரத்தில் நின்றது. தொழில்நுட்பம் தர வேண்டியவர்களும் டெனல்தான். அவர்களை விட்டு ஓர் இஸ்ரேல் கம்பெனியைப் பிடித்தால், அதையும் சேர்த்து ஆறு நிறுவனங்களுக்கு 2012-ல் பத்து வருடத் தடை வந்தது. ஒருவன் காப்பி அடித்தால் வகுப்பு முழுவதையும் வெளியே நிறுத்துவது மாதிரி, தண்டனை ராணுவத்தின் மீதே விழுகிறது. எனக்கு இது சரியாகப் படவில்லை. அரசுக்கும் அப்படித்தான் பட்டிருக்க வேண்டும். 2016 நவம்பரில் புது நெறிமுறை கொண்டுவந்து, எடுத்த எடுப்பில் தடை என்பதற்குப் பதில் அபராதம், தற்காலிக நிறுத்தம் என்று படிப்படியாக வைத்தார்கள்.

சரி, கம்பெனிக்கு நம் சட்டம் மட்டும்தானா தலைவலி? அதன் சொந்த நாட்டுச் சட்டமும் கூடவே வருகிறது. லாக்ஹீட் கம்பெனி விமானம் விற்க ஜப்பானில் லஞ்சம் கொடுத்த விவகாரத்தில் முன்னாள் பிரதமர் தனாகா 1976-ல் கைதானார். அந்தச் சூட்டில் 1977-ல் அமெரிக்கா, வெளிநாட்டில் லஞ்சம் கொடுத்தாலும் உள்நாட்டில் தண்டனை என்று சட்டம் போட்டது. பிரிட்டன் 2010-ல் இன்னும் கடுமையாக ஒன்று போட்டது.

லஞ்சம் ஒரு பக்கம். டிராயிங் இன்னொரு பக்கம். அமெரிக்காவில் 'ஐட்டார்' என்று ஒரு விதித்தொகுப்பு இருக்கிறது. அதன்படி ஆயுதத்தை மட்டுமல்ல, ஆயுதப் பாகத்தின் வரைபடத்தை அனுமதியில்லாமல் வேறு நாட்டாரிடம் காட்டினாலே ஏற்றுமதிக் குற்றம். இரவில் பார்க்கும் கண்ணாடி பற்றிய விவரங்களைச் சீனா உள்ளிட்ட நாடுகளுக்குப் போகவிட்டதற்காக ஐ.டி.டி. என்ற பெரிய கம்பெனி 2007-ல் 10 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அந்த யூனிட்டில் கேட்டிலேயே செல்போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள், ரெக்கார்டு நோட்டுக்கு டிராயிங்கைப் பார்த்து வரைய விடவில்லை. "என்ன சார், ஒரு புஷ்ஷு டிராயிங்குக்கு இவ்வளவு பிகுவா" என்று நண்பர்களிடம் புலம்பினேன். டிராயிங் மூலையில் குட்டியாக அச்சடித்திருந்த எச்சரிக்கையை நான் படிக்கவே இல்லை.

இனி, இந்தப் புஷ் எப்படி நம் ஊர் லேத்துக்கு வந்தது? அதற்குக் காரணம் 'ஆஃப்செட்' என்ற விதி. வெளிநாட்டுக் கம்பெனி நம்மிடம் பெரிய தொகைக்கு விற்றால், அதில் ஒரு பங்கை நம் நாட்டிலேயே வாங்குவதாகவோ முதலீடாகவோ திருப்பித் தர வேண்டும். 2005-ல் தொடங்கியபோது 300 கோடிக்கு மேல் போனால் 30 சதவீதம். 2016-ல் அந்த வரம்பை 2,000 கோடியாக உயர்த்தினார்கள். 36 ரஃபேல் விமானத்துக்கு மட்டும் 50 சதவீதம். சொன்னபடி செய்யாவிட்டால் பாக்கிக்கு வருடத்துக்கு 5 சதவீதம் அபராதம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடந்ததா? 2020-ல் தலைமைக் கணக்குத் தணிக்கையரின் அறிக்கை வந்தது. 2005 முதல் 2018 வரை 66,427 கோடிக்கு 46 ஆஃப்செட் ஒப்பந்தங்கள். 2018 டிசம்பருக்குள் 19,223 கோடிக்கு வேலை நடந்திருக்க வேண்டும். 11,396 கோடிக்கு முடித்துவிட்டோம் என்று கம்பெனிகள் சொன்னார்கள். அமைச்சகம் ஏற்றுக்கொண்டது 5,457 கோடிதான். மிச்சத்தில் பெரும்பகுதி எங்கே மாட்டியது? காகிதத்தில்! பில், சான்று சரியில்லை என்று தள்ளுபடியானவையும், பரிசீலனையிலேயே கிடந்தவையும். டி.ஏ.பி. 2020-ல், அரசோடு அரசு செய்யும் ஒப்பந்தத்துக்கும் ஒரே கம்பெனிதான் போட்டியில் என்ற நிலைமைக்கும் ஆஃப்செட்டையே எடுத்துவிட்டார்கள். இது நம்மைப் போன்றவர்களுக்கு நஷ்டம் என்பது என் எண்ணம். 2019 ஜனவரி 20-ல் திருச்சியில் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தைத் தொடங்கினார்கள். சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி ஆகிய ஐந்து இடங்களிலும் டிப்ளமோக்காரனுக்கு வேலை வருவது இந்த மாதிரிச் சின்ன ஆர்டர்களில்தான்.

அந்த நாலு வரி இங்கிலீஷுக்கு வருகிறேன். 'இந்தப் பாகங்கள் முழுவதும் வரைபடத்தின்படி அளந்து சோதிக்கப்பட்டவை என்று சான்றளிக்கிறோம். தவறெனில் ஒப்பந்தப்படி நடவடிக்கைக்கு உட்படுவோம்.' இதை நம்பி பெரிய கம்பெனி ஒரு சான்று தரும், அதை நம்பி வெளிநாட்டுக் கம்பெனி ஒரு சான்று தரும், அதை நம்பி நம் அரசு பணம் கொடுக்கும். சங்கிலியின் கடைசிக் கண்ணி நான். போஃபர்ஸ் வரைபடங்களை வைத்து நாமே செய்த 'தனுஷ்' பீரங்கிக்கு ஜெர்மனி பேரிங் என்று போலிச் சான்றோடு சீன பேரிங் வந்ததாக 2017-ல் சி.பி.ஐ. வழக்குப் பதிவு செய்தது. ஆறே ஆறு பேரிங்!

திங்கட்கிழமை போனபோது பெட்டி இன்னும் ஸ்டோரில்தான் இருந்தது. சூப்பர்வைசரிடம், "சார், நான் ஐம்பது அளக்கலை, அளந்துடறேன்" என்றேன். "சொன்னது நான். இப்ப என்ன புதுசா?" என்று சத்தம் போட்டார். பிறகு அவரே ஸ்டோர்க்காரரிடம் பெட்டியை இறக்கச் சொன்னார். அறுபதையும் அளந்தேன். மத்தியானச் சாப்பாட்டைத் தாண்டிவிட்டது. நாலு புஷ் அளவுக்குக் கீழே. கடைசியாக ஓடிய பத்துக்குள்தான் நாலும். டூல் டிப்பை நடுவில் மாற்றியிருக்கிறார்கள், ஆஃப்செட் சரிபார்க்கவில்லை. (இந்த ஆஃப்செட் வேறு, மேலே சொன்ன ஆஃப்செட் வேறு!) நாலையும் சிவப்பு டப்பாவில் போட்டார். பழைய ரிப்போர்ட்டைக் கிழித்துவிட்டுப் புதியது எழுதினேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. டிரெயினிங் சர்ட்டிபிகேட்டில் மட்டும் ஒழுங்காக முத்திரை வைத்துக் கொடுத்தார்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது அப்பா கேட்டார்: "அந்தப் பேப்பர்ல என்னமோ எழுதியிருக்குன்னியே, என்னடா அது?" தமிழில் சொன்னேன். கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். "நாங்க மூட்டை எறக்குனா துண்டுச்சீட்டுல ரேகை வெப்போம். ஒரு மூட்டை கொறஞ்சா எங்க கூலியில புடிப்பாங்க. ஒனக்கு எதுல புடிப்பாங்க?" என்றார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. "இப்ப எல்லாத்தையும் அளந்துட்டேன்ப்பா" என்றேன்.